தலையில் காந்தம் வைத்துக்கொண்ட சில வாரங்கள்

மனச்சோர்வுக்கு டிஎம்எஸ், அதாவது தலைக்கு வெளியே இருந்து காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் சிகிச்சை, எடுத்துக்கொண்டேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "ஷாக் ட்ரீட்மென்ட்டா?" நாத்தனார் கேட்டார். அலுவலகத்தில் மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். தெருமுனை மருந்துக் கடைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அது வேறு, இது வேறு என்று சொல்லிச் சொல்லி ஒரு சின்னப் பிரசங்கமே எனக்கு மனப்பாடமாகிவிட்டது. இப்போது தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யார் யாரோ போன் செய்து விவரம் கேட்கிறார்கள். ஆளுக்கொரு முறை சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை. கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்க்கும், ஐம்பதைத் தாண்டிய பெண். இதில் இருப்பது என் அனுபவமும், அந்த நாட்களில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதும்.

எனக்கு இருப்பது மனச்சோர்வு. முதல் முறை இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்தது. அடுத்தது அம்மா போன பிறகு. மூன்றாவது காரணமே இல்லாமல் வந்தது. மகன் வேலையில் சேர்ந்துவிட்டான், வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, அழுவதற்கு ஒரு சாக்குகூடக் கையில் இல்லை. விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். பல் தேய்க்க எழுந்து போவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். வங்கியில் ஒரு வவுச்சரை நாலு தடவை படித்தாலும் தொகை மனதில் நிற்காது. முந்தைய இரண்டு முறையும் மாத்திரை காப்பாற்றியது. இந்த முறை முதல் மாத்திரையை முழு அளவில், போதுமான வாரங்கள் போட்டும் பலனில்லை. மாற்றிக் கொடுத்த இரண்டாவதில் வாய் வறண்டதும் எடை கூடியதும்தான் மிச்சம்.

எங்கள் டாக்டர் பொறுமையானவர். ஒரு தாளை எடுத்துப் படிக்கட்டு மாதிரி கோடு போட்டு விளக்கினார். அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 பேரை வைத்து நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வின் முடிவு 2006இல் வந்ததாம். முதல் மருந்தில் மூன்றில் ஒருவருக்குச் சற்று அதிகமானவர்கள் முழுதாகத் தேறினார்கள். இரண்டாவது மருந்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். மூன்றாவது, நான்காவது படிக்குப் போனால் நூற்றுக்குப் பதினான்கு, பதின்மூன்று பேர்தான். "மூணாவது மாத்திரை தரலாம் மேடம், தப்பில்லை. லித்தியம் சேர்த்துப் பார்க்கலாம். இசிடி இருக்கு. டிஎம்எஸ்ஸும் இருக்கு. நீங்களும் சாரும் யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அந்தத் தாளை என் கணவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இசிடிதான் சனங்கள் சொல்லும் 'ஷாக்'. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிஎம்எஸ்ஸை உயர்த்திப் பேசுகிறவர்கள் பலரும் இசிடியை மட்டம் தட்டுகிறார்கள். மயக்க மருந்து கொடுத்து, தசைகளைத் தளர்த்தி, மூளையில் வேண்டுமென்றே ஒரு சிறு வலிப்பை வரவழைப்பது அது. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் செய்யக் கூடாது என்று நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. சினிமாவில் நாலு பேர் அமுக்கிப் பிடிப்பதை எல்லாம் வைத்து அதை எடைபோடக் கூடாது. சாப்பாட்டையே நிறுத்திவிட்டவர்கள், தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர்கள், காதில் குரல் கேட்கும் அளவுக்கு மனச்சோர்வு முற்றியவர்கள் ஆகியோருக்கு இசிடி டிஎம்எஸ்ஸைவிட வேகமாகவும் பலமாகவும் வேலை செய்யும். நினைவாற்றலில் சிறிது காலத்துக்குக் குழப்பம் வரலாம் என்பது அதன் விலை. டிஎம்எஸ்ஸில் மயக்க மருந்து இல்லை, நினைவாற்றல் பாதிப்பும் இல்லை. ஆனால் மெதுவானது. அவசர நிலைக்கு அது ஆகாது. அப்படி அவசரமாக இருக்கும் யாராவது இதைப் படித்தால், மையம் மையமாகத் தேடிக்கொண்டிருக்காமல் 14416க்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் அது, தமிழிலும் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

சரி, டிஎம்எஸ் என்ன செய்கிறது? காந்தப் புலம் வேகமாக மாறினால் பக்கத்தில் இருக்கும் கடத்தியில் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் ஃபாரடே கண்டுபிடித்ததைப் பள்ளியில் படித்திருப்போம். இங்கே கடத்தி நம் மூளை. எட்டு வடிவத்தில் சுற்றிய செம்புச் சுருளைத் தலையில் பொருத்தி, அதற்குள் பலமான மின்னோட்டத்தை ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரம் பாய்ச்சுகிறார்கள். எம்ஆர்ஐ இயந்திரத்தின் அளவுக்குக் காந்தப் புலம் பிறந்து, உடனே மறைகிறது. மண்டை ஓடு அதைத் தடுப்பதில்லை. ஓட்டுக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரை இருக்கும் நரம்புகளில் சிறு மின்னோட்டம் உண்டாகிறது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும்தான் இதை முதலில் செய்து காட்டினார்கள். தலையில் சுருளை வைத்ததும் கை விரல் துள்ளியது. பத்து வருடம் கழித்துத்தான் மனச்சோர்வுக்கு முயன்றார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008இல் மனச்சோர்வுக்கு அனுமதித்தது.

மனச்சோர்வில் முன்மூளையின் இடப்புறம் ஒரு பகுதி மந்தமாக வேலை செய்கிறது. அங்கே தினமும் தட்டி எழுப்பினால், அதோடு இணைப்பு உள்ள ஆழமான பகுதிகளும் மெல்ல மெல்ல ஒழுங்குக்கு வருகின்றன. எனக்குச் சொல்லப்பட்ட விளக்கத்தின் சாரம் இவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டு என் மைத்துனர், "அதுக்கு ஏன் அண்ணி ஆஸ்பத்திரி, காந்தப் படுக்கை வாங்கிப் போட்டுட்டா போச்சு" என்றார். போகாது. காந்தப் படுக்கை, காந்த வளையல் எல்லாம் சும்மா கிடக்கும் காந்தம். மாறாத காந்தப் புலம் மின்சாரத்தை உண்டாக்காது. அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

முதலில் நாங்கள் போய்ப் பார்த்த மையத்தைச் சொல்ல வேண்டும். பளபளவென்று இருந்தது. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் ஒரு பெண் 'பேக்கேஜ்' விலைப்பட்டியலை நீட்டினார். தொண்ணூறு சதவீதம் குணம் ஆகிவிடும், இன்றே முழுப் பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றார். எனக்கு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. தலையில் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. நான் அன்று இருந்த நிலையில் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போட்டிருப்பேன். கணவர்தான், "யோசிச்சிட்டு வரோம்மா" என்று என்னை எழுப்பிக் கூட்டிவந்தார். அதனால் சொல்கிறேன், நோயாளி தனியாகப் போய் இந்த முடிவை எடுக்கக் கூடாது. பணம் பேசுவதற்கு முன் வலிப்பைப் பற்றிக் கேட்காத இடத்தில் காலை வைக்காதீர்கள்.

இரண்டாவதாகப் போன இடத்தில் ஒரு நீளமான படிவம். வலிப்பு, தலைக்காயம், பக்கவாதம் வந்ததுண்டா? காதுக்குள் காக்ளியர் கருவி, மூளை ரத்தக் குழாயில் கிளிப், மூளைக்குள் மின்முனை, இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா? கண்ணில் இரும்புத் துகள் போனதுண்டா? கர்ப்பமா? குடிப்பழக்கம்? என்னென்ன மாத்திரை? சில மாத்திரைகள் வலிப்பு எளிதாக வரும்படி செய்துவிடுமாம், புப்ரோபியான், குளோசபின் போன்றவை. தூக்கத்துக்குப் போடும் பென்சோடயசெபின் வகை மாத்திரைகள் டிஎம்எஸ்ஸின் பலனைக் குறைக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்வதால், எனக்கு இருந்த அந்த ஒன்றை டாக்டரிடம் பேசி மெல்லக் குறைத்தார்கள். திடீரென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதுவே வலிப்பைக் கொண்டுவரும். அடைத்த பல், கட்டிய பல் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். அதனால் ஒன்றும் இல்லை.

தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாலிச் சங்கிலிதான் வீட்டில் பெரிய பிரச்சினை ஆனது. கடைசியில் மாமியாரே மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கொடுத்தார், எம்ஆர்ஐக்குப் போகும்போது எல்லாரும் செய்வதுதானே என்று. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வராதீர்கள் என்றும் சொன்னார்கள். அளவு குறித்த தொப்பி வழுக்குகிறதாம்.

எனக்கு முதல் நாள் சிகிச்சை எதுவும் தரவில்லை, அளவெடுப்பதுதான். தையற்காரர் வைத்திருப்பது போன்ற டேப்பை வைத்து மூக்கின் மேட்டிலிருந்து பிடரி வரை, ஒரு காதிலிருந்து மறு காது வரை, அப்புறம் தலையின் சுற்றளவு என்று எடுத்து எங்கே தட்ட வேண்டும் என்று குறித்தார்கள். அடுத்தது எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்பது. அதற்கு விரலை இயக்கும் மூளைப் பகுதியில் சுருளை வைத்து ஒரே ஒரு துடிப்பு. என் வலது கட்டைவிரல் தானாக எகிறியது. நான் எதுவும் செய்யவில்லை, ஆனால் விரல் என்னுடையது. சொன்னால் நம்பமாட்டீர்கள், பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு ஒரு விஷயம் சுவாரசியமாகப் பட்டது அப்போதுதான். "தம்பி, இன்னொரு தடவை பண்ணுப்பா" என்றேன். அந்தத் தம்பி, டெக்னீஷியன், சிரித்துவிட்டு, "எப்படியும் நிறையத் தடவை பண்ணணும்மா" என்றார். பத்துத் துடிப்பில் ஐந்துக்கு விரல் அசையும் மிகக் குறைந்த பலம் எதுவோ அதுதான் உங்கள் அளவு. ஆளுக்கு ஆள் இது மாறும். பொதுவாக அதில் 120 சதவீதம் பலத்தில் சிகிச்சை நடக்கும். இந்த அளவை எடுக்காமல் எல்லோருக்கும் ஒரே எண்ணைத் திருகி வைக்கிறார்கள் என்றால் அந்த இடம் சரியில்லை.

வலிக்குமா? முதல் வாரம் வலித்தது. தையல் மெஷின் ஊசி வேகமாக இறங்குவது மாதிரி டகடகடகவென்று நான்கு விநாடி, பிறகு இருபத்தாறு விநாடி ஓய்வு. இதே கணக்கில் முப்பத்தேழரை நிமிடம் போகும், மொத்தம் 3,000 துடிப்புகள். இதுதான் பழைய, அதிகம் சோதிக்கப்பட்ட முறை. இடது புருவம் துடிக்கும், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் லேசாக இடிக்கும், இடது கண்ணில் நீர் வரும். அது அழுகை இல்லை என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லி வையுங்கள். சத்தம் கடுமை, காதடைப்பான் இல்லாமல் உட்காராதீர்கள். நான்கைந்து நாள் மாலையில் தலைவலி வந்தது, பாராசிட்டமாலுக்கு அடங்கியது. முதலிலேயே முழு பலத்தில் வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொல்லிக் கேட்கலாம், எனக்கு அப்படித்தான் ஏற்றினார்கள். இரண்டாவது வாரம் நான் அதற்குள்ளேயே கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இருபத்தாறு விநாடி இடைவெளிக்குள் நாலு வரி ஓடிவிடும்.

இப்போது பல இடங்களில் தீட்டா பர்ஸ்ட் என்ற குறுகிய முறையைச் செய்கிறார்கள். 600 துடிப்பு, மூன்று நிமிடம் சொச்சம், அவ்வளவுதான். கனடாவில் 414 பேரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளியானது. மூன்று நிமிட முறை நீண்ட முறைக்குச் சளைத்ததில்லை என்று தெரிந்தது. "இவ்ளோ பணத்துக்கு மூணு நிமிஷமா?" என்று காத்திருப்பு அறையில் ஒரு பெரியவர் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். நேரத்தைப் பார்க்காதீர்கள், எந்த முறை, எத்தனை துடிப்பு, எத்தனை அமர்வு என்று எழுதி வாங்குங்கள். ஐந்தே நாளில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் இன்னும் கொஞ்சம் கேள்வி கேளுங்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உருவாகி 2022இல் எஃப்டிஏ அனுமதி பெற்ற செயின்ட் முறை அப்படிப்பட்டதுதான், ஒரு நாளைக்குப் பத்து அமர்வு வீதம் ஐந்து நாள். ஆனால் அதில் மூளையை எம்ஆர்ஐயில் படம் எடுத்து ஒவ்வொருவருக்கும் இடத்தைத் தனியாகக் கணக்கிடுகிறார்கள். அதெல்லாம் இல்லாமல் வெறும் எண்ணிக்கையை மட்டும் கூட்டிவிட்டு அதே பெயரைச் சொல்வது சரியில்லை.

பயப்பட வேண்டிய ஒரே பெரிய பக்கவிளைவு வலிப்பு. ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது. ஆனாலும் வந்தால் சமாளிக்கத் தெரிந்த ஆளும் மருந்தும் அதே அறையில் இருக்க வேண்டும். தூக்கம் கெட்டாலும் மது அருந்தினாலும் அதன் வாய்ப்பு கூடும். நடுவில் ஒரு கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் போய், ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டு அப்படியே சிகிச்சைக்குப் போனேன். வழக்கமான கேள்விக்கு, தூங்கவில்லை என்று சொன்னதும் அந்தத் தம்பி கையை எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். அன்று சிகிச்சை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவ்வளவு தூரம் வந்தது வீணா என்று எரிச்சலாக இருந்தது, ஆனால் அந்த இடத்தின் மேல் மரியாதை கூடியதும் அன்றுதான்.

தூரம் என்று சொன்னேன். உண்மையில் இந்தச் சிகிச்சையின் கஷ்டம் நாற்காலியில் இல்லை, அங்கே போய்ச் சேருவதில்தான் இருக்கிறது. வாரம் ஐந்து நாள், நான்கிலிருந்து ஆறு வாரம். குளிக்கவே தெம்பில்லாத ஒருவரை, தினமும் புடவை கட்டி வெளியே கிளம்பச் சொல்கிறோம். எங்கள் வீடு அம்பத்தூரில். அங்கிருந்து புறநகர் ரயிலில் சென்ட்ரல், பிறகு ஆட்டோ. இதைவிடப் புதிய இயந்திரம் இருக்கும் மையம் ஒன்று ஊரின் மறு கோடியில் இருந்தது. வேண்டாம் என்று விட்டோம். என் கருத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒழுங்கான சாதாரண இயந்திரம், தூரத்தில் இருக்கும் உயர்ந்த இயந்திரத்தைவிட மேல், ஏனென்றால் மூன்றாவது வாரம் நீங்கள் போகாமல் நின்றுவிடும் அபாயம்தான் பெரிது. காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்கினேன், முடிந்ததும் நேராக வங்கிக்குப் போய்விடுவேன். மயக்க மருந்து இல்லாததால் அது முடியும். வண்டிகூட ஓட்டலாம். முதல் வாரம் கணவர் கூட வந்தார், பிறகு நாத்தனார் மகள், அவளுக்குக் கல்லூரி விடுமுறை. யார் எந்தக் கிழமை என்று காலண்டரில் எழுதி ஒட்டினார்கள். நோயாளியிடம் "இன்னைக்குப் போறியா?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் பதில் இல்லை என்றுதான் வரும். "கிளம்பு" என்று செருப்பை எடுத்து வைக்க வேண்டும். என்னைக் காப்பாற்றியதில் பாதிப் பங்கு அந்தச் செருப்புக்கு.

இந்த இடத்தில் ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, ரயில் ஏறி, "வாங்கம்மா, நேத்து தூங்கினீங்களா?" என்று முகம் பார்த்துக் கேட்கும் ஒரு பையனைச் சந்தித்து, பிறகு வேலைக்குப் போவது என்பதே மனச்சோர்வுக்கு ஒரு மருந்துதான். எது காந்தம் செய்தது, எது இது செய்தது என்று எப்படிப் பிரிப்பது? ஆய்வாளர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். சத்தமும் தோல் உணர்வும் உள்ள, ஆனால் மூளைக்குள் எதுவும் போகாத போலிச் சுருளை ஒரு பகுதியினருக்கு வைத்துச் சோதித்தார்கள். 2010இல் வெளிவந்த அப்படி ஓர் ஆய்வில் 190 பேர். நிஜச் சுருள் வைத்தவர்களில் 14 சதவீதம் பேர் முழுதாகத் தேறினார்கள், போலியில் 5 சதவீதம். ஆக காந்தம் வேலை செய்கிறது, ஆனால் அது மந்திரம் இல்லை. சாதாரண மருத்துவமனைகளில் மாத்திரையோடு சேர்த்து, ஆறு வாரம் முழுதாக எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நல்ல முன்னேற்றமும் மூன்றில் ஒருவருக்கு முழு நிவாரணமும் கிடைப்பதாகச் சொல்கிறார்கள். தொண்ணூறு சதவீதம் என்று பேக்கேஜ் விற்றவர்களை இந்த எண்களோடு வைத்துப் பாருங்கள்.

எனக்கு எப்போது சரியானது என்று கேட்டால் தேதி சொல்லத் தெரியாது. முதல் இரண்டு வாரம் ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரு வாரம் இன்னும் மோசமாக இருந்தது, நிறுத்திவிடலாம் என்றேன். பலருக்கு நாலாவது, ஐந்தாவது வாரத்தில்தான் தெரியும், இப்போது நிறுத்தினால் கட்டிய பணமும் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். பணத்தைச் சொன்னதால்தான் தொடர்ந்தேன், வங்கிக்காரி ஆயிற்றே.

மாற்றத்தை முதலில் பார்த்தது நான் இல்லை. தண்ணீர் லாரிக் கணக்கில் குளறுபடி என்று குடியிருப்பு சங்கச் செயலாளரோடு நான் வாசலில் நின்று சண்டை போட்டேன். உள்ளே வந்தால் கணவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். "இவ்வளவு மாசமா நீ யார்கிட்டயும் சண்டை போடலையே" என்றார். சந்தோஷம் வரும் என்று நான் காத்திருந்தேன், வந்தது கோபம். அப்புறம் தூக்கம் ஐந்து மணி வரை நீண்டது. அப்புறம் சாம்பாரில் உப்பு சரியில்லை என்று தெரிந்தது. அதற்கு முன் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரிந்ததில்லை. மனச்சோர்வில் இருப்பவருக்குத் தன் முன்னேற்றம் தெரியாது, நேற்று எப்படி இருந்தோம் என்பதும் நினைவிருக்காது. அதனால் வாரம் ஒரு முறை ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொல்வார்கள், பிஎச்க்யூ-9 என்று பெயர், ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண், குறையக் குறைய நல்லது. அதோடு வீட்டில் இன்னொருவர் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வைக்கட்டும்: எப்போது எழுந்தார், என்ன சாப்பிட்டார், யாரிடம் பேசினார். நாத்தனார் மகள் எழுதிய அந்த நோட்டுதான் டாக்டருக்கு என் வாயைவிட உதவியது.

காத்திருப்பு அறையில் வேறு வேறு நோய்க்காரர்களையும் பார்த்தேன். கை கழுவிக் கழுவித் தோல் உரிந்த ஒரு பையன் வந்தான். ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் அந்த ஓசிடி நோய்க்கு 2018இல் எஃப்டிஏ ஒரு வகை ஆழமான டிஎம்எஸ்ஸை அனுமதித்திருக்கிறது. பக்கவாதத்தில் கை விழுந்துபோன ஒருவருக்கு, அடிபடாத பக்கத்து மூளையின் மேல் மெதுவான துடிப்பு கொடுத்தார்கள். விநாடிக்கு ஒன்று என்று மெதுவாகக் கொடுத்தால் அந்தப் பகுதி அடங்கும், பத்து என்று வேகமாகக் கொடுத்தால் தூண்டப்படும், அடிபடாத பக்கத்தின் அமுக்கத்தைக் குறைத்தால் அடிபட்ட பக்கம் தலைதூக்கும் என்பது கணக்கு. ஐரோப்பிய நிபுணர் குழு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மனச்சோர்வு, நரம்புவலி, பக்கவாதம் வந்து அதிக காலம் ஆகாதவர்களின் கை அசைவு ஆகிய மூன்றுக்குத்தான் உறுதியான சான்று இருப்பதாக முதல் தரம் கொடுத்திருக்கிறார்கள். ஒற்றைத் தலைவலிக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் கருவி ஒன்றும் உண்டு. காதில் இரைச்சல், பார்க்கின்சன், குரல் கேட்பது என்று ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன. ஆட்டிசம் உள்ள ஒரு சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓர் இளம் தம்பதி விசாரிக்க வந்தார்கள், வேறெங்கோ 'குணமாகும்' என்று சொல்லியிருக்கிறார்கள். இங்கிருந்த டாக்டர் அவர்களை உட்காரவைத்து, இதற்கு அப்படி ஒரு சான்றும் இல்லை, இந்தப் பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்குச் செலவழியுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அந்தப் பெண்ணின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பணம். ஊருக்கு ஊர், மையத்துக்கு மையம் கட்டணம் பல மடங்கு வேறுபடுகிறது, அதனால் என் தொகையைச் சொல்லிப் பயனில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற அரசு நிறுவனங்களிலும் இந்தச் சிகிச்சை உண்டு. தங்க இடமும் லீவும் இருந்தால் அங்கே விசாரியுங்கள். இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. உடல் நோய்க்கு என்ன காப்பீடோ அதே அடிப்படையில் மன நோய்க்கும் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும், டிஎம்எஸ்ஸோ வந்து போகும் சிகிச்சை. என் கோரிக்கையை அந்தக் காரணம் காட்டித்தான் திருப்பினார்கள். தொடங்கும் முன்பே, கிடைக்குமா கிடைக்காதா என்று கம்பெனியிடம் மின்னஞ்சலில் பதில் வாங்கிவிடுங்கள். ஏஜெண்ட் வாயால் சொல்வது கணக்கில் வராது. பணத்தை வாராவாரம் கட்டுகிறேன் என்று பேசிப் பாருங்கள். நாங்கள் கேட்டோம், ஒத்துக்கொண்டார்கள்.

முடிந்த பிறகு மாத்திரை நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். எனக்கு நிற்கவில்லை, ஒன்றாகக் குறைந்திருக்கிறது. நல்ல பலன் கிடைத்தவர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில் 62 சதவீதம் பேர் அந்த முன்னேற்றத்தைத் தக்கவைத்திருந்தார்கள், சிலருக்கு நடுவில் மறுபடியும் சில அமர்வுகள் தேவைப்பட்டன. எனக்கும் அடுத்த ஐப்பசியில் விடிகாலை விழிப்பு திரும்பியது. நோட்டைத் திரும்ப எடுத்தோம், டாக்டரிடம் போனோம், கொஞ்சம் அமர்வுகள் கொடுத்தார்கள், அடங்கியது. மனநல ஆலோசகர் ஒருவரிடமும் போய்வருகிறேன். சாயங்கால நடையை அவர்தான் கட்டாயமாக்கினார்.

இரண்டாவது முறை போனபோது ஒரு சிக்கல் வந்தது. பழைய தம்பி வேலை மாறிவிட்டார், இயந்திரமும் புதிது. என் கோப்பில் இருந்த தாள்தான் கைகொடுத்தது. உங்கள் சிகிச்சை முடிந்ததும் கடைசி நாளே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்: எந்தக் கம்பெனி இயந்திரம், எந்தச் சுருள், விரல் அசைந்த பலம் எத்தனை சதவீதம், தலையில் எந்த இடம், விநாடிக்கு எத்தனை துடிப்பு, ஓர் அமர்வுக்கு எத்தனை, மொத்தம் எத்தனை அமர்வு, ஒவ்வொரு வாரமும் கேள்வித்தாளில் எவ்வளவு மதிப்பெண். இயந்திரம் மாறினால் பலத்தின் அளவைப் புதிதாகத்தான் எடுப்பார்கள், ஆனால் மற்றதெல்லாம் அப்படியே பயன்படும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் 'ஆர்டிஎம்எஸ் கொடுக்கப்பட்டது' (இப்படித் தொடர் துடிப்பாகக் கொடுக்கும் டிஎம்எஸ்ஸின் பெயர் அது) என்று ஒரு வரி மட்டும் எழுதித் தந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.